ஊட்டி மலைச்சரிவில் பழைய பங்களா: வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

சரிவுவீடு:

ஸ்டோன்ஹவுஸ் மலையை ஒட்டிய சரிவில் உள்ள ஒரு பழைய வீட்டைப் பற்றிய கேள்வி. 1835-ல் கட்டியது என்று வாய்வழியாகச் சொல்கிறார்கள். கையில் உள்ளவற்றில் பழைய பத்திரம் 1927-ஆம் வருடத்துக் கிரயம்.

முன்பகுதி: கருங்கல் சுவர், 22 அங்குல கனம். மங்களூர் ஓடு. மூன்று அறைகளிலும் கணப்பு (குளிர்காயத் தீ மூட்டும் இடம்) உண்டு. போர்ட்டிகோவின் முகப்பில் செதுக்கு வேலை செய்த பலகை. ஒரு ஓட்டில் 1865 என்று அச்சு இருக்கிறது.

பின்பகுதி: செங்கல் சுவர், 18 அங்குலம். உயரம் குறைவு, மேலே தகரம். வேலைக்காரர்களுக்காகப் பிற்பாடு ஒட்டிக் கட்டிய பகுதி என்று சொல்கிறார்கள். இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் யோசனை இருக்கிறது.

இரண்டும் சேரும் இடத்தில் தரையிலிருந்து மேல்வரை நேராக ஒரு விரிசல். பள்ளத்துப் பக்க அறையில் சாய்வாக இன்னொன்று. பத்து வருடம் முன்பு உள்ளே முழுக்க சிமென்ட் பூசியிருக்கிறார்கள். அதன் பிறகு இரண்டடி, மூன்றடி உயரம் வரை சுவர் ஓதம் காத்து பெயிண்ட் உரிகிறது.

வீட்டின் வயதை எப்படி நிச்சயப்படுத்துவது? 1927-க்கு முந்தைய ஆவணங்களை எங்கே தேடுவது? பழுது பார்க்கும்போது எதைத் தொடக்கூடாது?

ஓட்டுக்கூரை:

முதலில் அந்த 1865. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம் அது. ஓடு செய்த வருடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1865-க்குப் பிறகு பல பத்தாண்டுகள் அதே அச்சில்தான் ஓடு வந்தது. முதல் உலகப் போரில் பாசல் மிஷன் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டது. பிறகு அவை காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. ஆகவே பெயர்தான் துப்பு. பாசல் மிஷன் பெயர் இருந்தால் 1865-க்கும் சுமார் 1920-க்கும் இடையில். காமன்வெல்த் என்றிருந்தால் அதற்குப் பிறகு. ஒரு ஓட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கூரையின் நான்கு பக்கத்திலிருந்தும் பத்துப் பத்து ஓடு எடுத்து அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். உடைந்ததை மாற்றி மாற்றி வந்திருப்பார்கள். எந்தப் பெயர் அதிகமோ அதுதான் கடைசியாக முழுக்கூரை வேய்ந்த காலம்.

எந்த மலை வீட்டிலும் முதலில் மாறுவது கூரை. 1865-க்கு முன் மங்களூர் ஓடே கிடையாது. அதற்கு முந்தைய வீடுகளில் புல், பலகைச் சீவல், நாட்டு ஓடு இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆகவே கூரையை வைத்துக் கூரையின் வயதை மட்டும் சொல்லலாம்.

அடுத்து கைமரங்களை, அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களைப் பாருங்கள். தைல மரம் நீலகிரிக்கு வந்தது 1843-ல். அரசுத் தோப்புகளாகப் பெரிய அளவில் நட்டது 1860-களில். அந்த மரம் முற்றி, அறுத்து, கைமரமாக ஏறுவதற்கு இன்னும் பல வருடம். ஆகவே தைல மரக் கைமரம் இருந்தால் அந்தக் கூரை 1835-ஐச் சேர்ந்ததாக இருக்க வழியில்லை. தேக்காக இருந்தால் அறுத்த தடத்தைப் பாருங்கள். குழி ரம்பத்தில் ஆள் வைத்து அறுத்த மரத்தில் கோடுகள் நேராகவும் இடைவெளி ஒழுங்கில்லாமலும் இருக்கும். வட்ட ரம்பம் வில் போல வளைந்த தடம் விடும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் பெயிண்ட் அடித்த மரத்திலும் இது தெரியும்.

இரும்புச் சாமான்கள்தான் கூடுதல் துல்லியம் தரும். பழைய கீல்களிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றுங்கள். முனை கூர்மையில்லாமல் மொட்டையாக இருந்தால் பெரும்பாலும் 1850-க்கு முந்தையது. கூர்முனை வந்தது அதற்குப் பிறகுதான். கணப்பின் வார்ப்பிரும்புக் கம்பிக்கூடு, கதவுப் பூட்டு, கணப்பைச் சுற்றிப் பதித்த பீங்கான் ஓடு இவற்றின் முதுகில் இங்கிலாந்து வடிவமைப்புப் பதிவு முத்திரை இருக்கிறதா பாருங்கள். சாய்சதுர முத்திரை என்றால் 1842-க்கும் 1883-க்கும் இடைப்பட்டது. 1884 முதல் ‘ஆர்டி நம்பர்’ (Rd No, பதிவு எண்) என்று தொடர் எண் போட்டார்கள். 1900 தொடக்கத்தில் அந்த எண் மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. எண்ணைத் தேய்க்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்து, மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள்.

இந்த அடையாளங்கள் ‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்பதைச் சொல்லும். ‘இந்த வருடம் கட்டியது’ என்பதைச் சொல்லாது. பழைய கதவைக் கழற்றிப் புது அறையில் மாட்டுவது அந்தக் காலத்திலும் உண்டு.

போர்ட்டிகோ முகப்புப் பலகையின் செதுக்கு வேலை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால ரசனை. 1835 கதையோடு அது ஒட்டவில்லை.

நாட்டு_ஓடு:

22 அங்குல கருங்கல் சுவரே போதுமே! அந்தக் கனத்தில் 1850-க்கு மேல் யார் கட்டினார்கள்? முன்பகுதிதான் மூலக் கட்டடம், பின்பகுதியை இடிக்கலாம் என்று தோன்றுகிறது.

ஓட்டுக்கூரை:

இல்லை நண்பரே, சுவர்க் கனத்தை வைத்து வயது சொல்ல முடியாது. ஒழுங்கில்லாத கருங்கல்லை இரண்டு முகம் வைத்துக் கட்டினால் 18 அங்குலத்துக்குக் கீழே கொண்டுவருவது கடினம். 1900-லும் அதே கனம்தான்.

கனத்தை விட்டுவிட்டு, கல்லுக்கு இடையில் இருக்கும் சாந்தைப் பாருங்கள். நீலகிரி முழுக்க சார்னோகைட் பாறை, சுண்ணாம்புக்கல் கிடையாது. சுண்ணாம்பு சமவெளியிலிருந்து மாட்டு வண்டியிலும் சுமையாகவும் ஏற வேண்டியிருந்தது. அதனால் சுவருக்கு உள்ளே மண் சாந்து, வெளி முகத்தில் மட்டும் சுண்ணாம்பு என்று சிக்கனமாகக் கட்டினார்கள். குன்னூர் மலைப்பாதை 1830-களின் தொடக்கத்தில் வந்தது. மேட்டுப்பாளையத்துக்கு ரயில் 1873-ல், குன்னூருக்கு 1899-ல், ஊட்டிக்கு 1908-ல். ஒவ்வொரு கட்டத்திலும் கனமான சாமான் மேலே ஏறுவது எளிதானது. மதுக்கரை சிமென்ட் ஆலை 1930-களில்தான். சுவரின் உள்ளேயே சிமென்ட் சாந்து இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிறகு.

பூச்சுக்குப் பின்னால், மழை படாத இடத்தில், கொட்டைப்பாக்கு அளவு சாந்து எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். ஒரு மணி நேரத்தில் கரைந்து கலங்கினால் மண். கரையாமல் நின்றால் எடுத்து வினிகர் விடுங்கள். நன்றாக நுரைத்து மணல் தனியாக விழுந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறமாக, சுத்தியலுக்குத்தான் உடையும் என்றால் சிமென்ட். முன்பகுதியில் மூன்று இடம், பின்பகுதியில் மூன்று இடம் தனித்தனியாகச் செய்யுங்கள்.

கல்கட்டு:

அந்த நேர் விரிசலை அடைத்துவிடாதீர்கள். அந்த வீட்டிலேயே முக்கியமான சாட்சி அதுதான். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் நேராக ஓடும் விரிசல் என்றால், ஒரு சுவர் நின்றுகொண்டிருக்க இன்னொன்றை அதன்மேல் ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பல்லிணைப்பு விடாமல், அதாவது இரண்டு சுவரின் கல்லையும் ஒன்றுக்குள் ஒன்று கோக்காமல் சேர்த்த இடம். எது பழையது என்று அங்கேயே தெரிந்துவிடும்: விரிசல் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் சிமென்ட் பூச்சை உளியால் எடுங்கள். எந்தச் சுவரின் பழைய பூச்சும் வெள்ளையடிப்பும் மற்ற சுவருக்குப் பின்னால் நுழைந்து தொடர்கிறதோ அதுதான் முதலில் கட்டியது. வெளியில் வெயில் மழை கண்ட முகமாக அது இருந்திருக்கிறது.

பள்ளத்துப் பக்க அறையில் உள்ள சாய்வு விரிசல் வேறு விஷயம். மலைச்சரிவில் வீடு கட்ட, மேட்டுப் பக்கத்தை வெட்டி அந்த மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டித் தளம் சமன் செய்வார்கள். பாதி வீடு வெட்டிய தரையில், பாதி நிரப்பிய மண்ணில். நிரப்பிய பகுதி இறங்கும்போது விரிசல் படிப்படியாகச் சாய்ந்து ஏறும், ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் மயிரிழையாகவும் இருக்கும். இறங்கி நின்றுவிட்டதா, இன்னும் இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் ஒட்டித் தேதி எழுதுங்கள். மூன்று இடம் போதும். ஜூன் முதல் டிசம்பர் முடியும்வரை விட்டுவையுங்கள். கண்ணாடி உடையவில்லை என்றால் விரிசல் பழையது, சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தால் தீர்ந்தது. உடைந்தால் சுவரைத் தொடுவதற்கு முன் கீழே உள்ள தாங்குசுவரைப் பாருங்கள்.

பழைய கல்கட்டுத் தாங்குசுவர்கள் பெரும்பாலும் சாந்தில்லாமல் அடுக்கியவை. தண்ணீர் இடுக்கு வழியே வெளியேறும், அதனால்தான் நின்றன. பின்னால் வந்தவர்கள் பார்வைக்காக முகத்தில் சிமென்ட் பூசி இடுக்கை அடைத்துவிடுகிறார்கள். உள்ளே தேங்கும் தண்ணீரின் அழுத்தம் சுவரை வயிறு தள்ள வைக்கும். பூச்சு இருந்தால் ஐந்தடிக்கு ஒன்று வீதம், நான்கு அங்குலக் குழாய் அளவில் வடிதுளை போடுங்கள். முதல் வரிசை தரையிலிருந்து ஓரடிக்குள் இருக்கட்டும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தென்மேற்கில் பிழைத்தது வடகிழக்கில் பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

சுவர் ஓதத்துக்குக் காரணம் நீங்களே எழுதிவிட்டீர்கள். மண் சாந்துச் சுவர் கீழிருந்து ஈரத்தை இழுத்து முகம் வழியே ஆறவிடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிட்டது. சிமென்ட்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் வழியை மூடியதால் ஈரம் மேலே ஏறி, அது நிற்கும் உயரத்தில் உப்பாகப் பூக்கிறது. ஊசி போட்டு ரசாயனம் ஏற்றும் வைத்தியத்தை மண் சாந்துச் சுவரில் நம்பாதீர்கள். உள்ளே வெற்றிடங்கள் இருப்பதால் மருந்து சீராகப் பரவாது.

முதலில் மேட்டுப் பக்கத்துக் கால்வாயைச் சுத்தம் செய்யுங்கள். வெளித் தரை வீட்டின் உள்தரையை விட ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். சரிவிலிருந்து வருடாவருடம் மண் இறங்கி, பல வீடுகளில் வெளித்தரை உள்தரைக்கு மேலேயே ஏறியிருக்கும். அதை வெட்டி இறக்கினாலே பாதி ஓதம் போகும். ஆனால் ஒரே மூச்சில் அஸ்திவாரம் தெரியத் தோண்ட வேண்டாம். ஆறடி நீளம் ஆறடி நீளமாக, இடைவெளி விட்டு.

பிறகு சிமென்ட் பூச்சை நான்கடி உயரம் வரை கைஉளியால் எடுத்து, இணைப்புகளை முக்கால் அங்குல ஆழம் சுரண்டி, ஒரு கோடை முழுக்கச் சுவரை ஆறவிடுங்கள். பூச்சுக்கு: குறைந்தது 15 நாள் நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. ஈரம் அதிகமான இடத்தில் சுண்ணாம்பு 1, செங்கல் சுர்க்கி (செங்கல் பொடி) 1, மணல் 2. முதல் கை அரை அங்குலம், இரண்டாம் கை கால் அங்குலம். பத்து நாளாவது ஈரச்சாக்கு கட்டி வைக்க வேண்டும். ஊட்டியில் டிசம்பர் முதல் பிப்ரவரி நடு வரை உறைபனி. அப்போது பூசினால் உள்ளிருக்கும் தண்ணீர் உறைந்து பூச்சு பொரியாக உதிரும். பிப்ரவரி கடைசி முதல் மே முதல் வாரம் வரை சரியான காலம்.

பதிவேடு:

ஆவணப் பக்கம்.

1927 கிரயப் பத்திரத்தில் ‘இந்தச் சொத்து எமக்கு இன்னாரிடமிருந்து இன்ன தேதியில், இன்ன நம்பர் பத்திரப்படி பாத்தியப்பட்டது’ என்று ஒரு வாசகம் இருக்கும். அதில் உள்ள பத்திர எண், புத்தகம், தொகுதி, வருடம் நான்கையும் குறியுங்கள். அதை வைத்து முந்தைய பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு மனு போடலாம். அந்தப் பத்திரத்தில் அதற்கு முந்தையது இருக்கும். சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துப் போக வேண்டும்.

வாசகம் இல்லையென்றால் அட்டவணைப் பதிவேடு. சார்பதிவாளர் அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள்: ஒன்றாம் அட்டவணை ஆட்பெயர் வாரியாக, இரண்டாம் அட்டவணை சொத்து வாரியாக. கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். இணையத்தில் வரும் வில்லங்கச் சான்று பல அலுவலகங்களுக்கு 1975-லிருந்துதான் கிடைக்கிறது. அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைத்தேடலாகக் கேட்க வேண்டும். வெள்ளைக்காரர் பெயரை முதற்பெயரிலும் குடும்பப் பெயரிலும் தேடுங்கள். பலர் ஊர் திரும்பிய பின் இங்குள்ள அதிகார முகவர் மூலம் விற்றார்கள். முகவர் பெயரிலும் பாருங்கள். உரிமையாளர் இறந்து சொத்து கைமாறியிருந்தால் கிரயச் சங்கிலி அறுந்தது போலத் தெரியும். அங்கே உயில். மூன்றாம் புத்தகத்தில் தேடுங்கள். எழுதியவர் இறந்துவிட்டால் யார் மனு செய்தாலும் நகல் தருவார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உயில் மெய்ப்புப் பதிவுகளும் உதவும்.

பத்திரத்தில் சர்வே எண் இன்றைய எண்ணோடு பொருந்தாது. ஊட்டி நகரத்தில் இப்போது வார்டு, பிளாக், நகர சர்வே எண். பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்குமான ஒப்புமைப் பட்டியலை நில அளவைப் பிரிவில் கேளுங்கள். இதைச் செய்யாமல் எல்லை விவரத்தை மட்டும் நம்பினால், அடுத்த வீட்டின் வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருப்பீர்கள். மலையில் ‘கிழக்கே ரோடு, மேற்கே ஓடை’ பத்து வீட்டுக்குப் பொருந்தும்.

ஊட்டி நகராட்சி 1866-ல் ஏற்பட்டது. பழைய வரி ரசீது, கேட்புப் பதிவேடு கிடைத்தால் விடாதீர்கள். வருடம் பசலியில் (வருவாய்த் துறையின் வருடக் கணக்கு) இருந்தால், ஆங்கில வருடத்துக்கு 590 கூட்டுங்கள். ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும். வரி திடீரென்று உயர்ந்த வருடம்தான் பெரும்பாலும் புதுக் கட்டடம் எழுந்த வருடம்.

வீட்டுப் பெயரைக் கவனமாகக் கையாளுங்கள். அக்காலத்தில் கதவு எண்ணைவிடப் பெயர்தான் முகவரி. பெயர் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். ஃபெர்ன்ஹில் 1844-ல் தோன்றியது என்பார்கள். மைசூர் மகாராஜா வாங்கியது 1873-ல். இன்று நிற்கும் அரண்மனை பிற்பாடு விரிவானது. பெயருக்கு ஒரு வயது, சுவருக்கு இன்னொரு வயது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவனின் ஸ்டோன்ஹவுஸும் அப்படியே: 1822-ல் தொடங்கிய ‘கல் பங்களா’வைச் சுற்றிப் பின்னாளில் அரசு அலுவலகங்கள் வளர்ந்தன, இப்போது அரசு கலைக் கல்லூரி.

1908-ல் வெளிவந்த ஃபிரெடரிக் பிரைஸின் ஊட்டி வரலாற்று நூலில் பழைய வீடுகளையும் உரிமையாளர்களையும் பற்றி நிறைய இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெயர் அதில் இருக்கிறதா பாருங்கள். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய நில அளவை வரைபடங்களையும் கேளுங்கள். வரைபடத்தில் கட்டடத்தின் வடிவத்தைக் கவனியுங்கள்: நீள்சதுரமா, எல் வடிவமா? வடிவம் மாறிய இரண்டு வரைபடங்களுக்கு நடுவில்தான் விரிவாக்கம் நடந்திருக்கும்.

சரிவுவீடு:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி பார்த்ததில்:

40 ஓட்டில் 36 காமன்வெல்த், 4 பாசல் மிஷன். முன்பகுதிக் கைமரங்கள் தைல மரம், வட்ட ரம்பத் தடம். முன்பகுதிச் சாந்து வினிகரில் நன்றாக நுரைக்கிறது. பின்பகுதி மூன்று இடத்திலும் தண்ணீரில் கரைந்துவிட்டது. நடு அறைக் கணப்பில் ஆர்டி நம்பர், 23 என்று தொடங்கும் ஆறு இலக்கம். பின்பகுதியின் ஒரு கதவில் மொட்டை முனைத் திருகாணிகள்.

நேர் விரிசலில் சிமென்ட்டை எடுத்தால், பின்பகுதிச் சுவரின் வெள்ளையடித்த பூச்சு முன்பகுதிக் கருங்கல்லுக்குப் பின்னால் தொடர்கிறது. பழைய தாள்களுக்கு நடுவே பசலி 1312 வரி ரசீது ஒன்றும் கிடைத்தது.

ஓட்டுக்கூரை:

அப்படியானால் கதை தலைகீழ். தகரம் போட்ட பின்பகுதிதான் மூல வீடு. கருங்கல் முன்பகுதி பிறகு ஒட்டியது.

ஆர்டி 23 என்று தொடங்கும் ஆறு இலக்கம் 1890-களின் நடுப்பகுதி. கணப்பு முன்பகுதியோடு சேர்த்து வைத்ததாக இருந்தால் முன்பகுதி அதற்கு முன் இல்லை. கம்பிக்கூடு சுவரில் இறுகப் பதிந்திருக்கிறதா, பின்னால் செருகியதா என்று ஓரத்துச் சாந்தைப் பாருங்கள். பெரும்பாலும் காமன்வெல்த் ஓடு என்பதால் 1920-க்குப் பிறகு ஒருமுறை முழுக்கூரையும் மாற்றியிருக்கிறார்கள். அந்த நான்கு பாசல் மிஷன் ஓடு பழைய கூரையின் மிச்சமாக இருக்கலாம். அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

பின்பகுதிக்கு 1835 என்று என்னால் சொல்ல முடியாது. மொட்டைத் திருகாணி ஒரு கதவில் மட்டும்தான். வேறிடத்திலிருந்து வந்த கதவாகவும் இருக்கலாம். நிலைக்கால் சுவருக்குள் எவ்வளவு நுழைகிறது, ஓரத்தில் மண் சாந்தே தொடர்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்தால் கதவும் சுவரும் ஒரே காலத்தவை. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று அப்போது தைரியமாகச் சொல்லலாம்.

தயவுசெய்து பின்பகுதியை இடிக்காதீர்கள். மண் சாந்துச் சுவரும் மூலக் கதவும் சேர்ந்து மிஞ்சிய வீடுகள் அந்தச் சரிவில் குறைந்துகொண்டே வருகின்றன.

பதிவேடு:

பசலி 1312 என்றால் 1902 ஜூலை முதல் 1903 ஜூன் வரை. ரசீதில் உள்ள தொகையையும் ‘கட்டடம்’, ‘அவுட்ஹவுஸ்’ என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் 1890 முதல் 1903 வரை மட்டும் முதலில் தேடுங்கள். தேடல் கட்டணமும் குறையும். அந்த இடைவெளியில் ஒரு அடமானப் பத்திரம் கிடைத்தால் உடனே நகல் கேளுங்கள். வீட்டை விரிக்கக் கடன் வாங்கியவர்கள் சொத்து விவரத்தில் அறை எண்ணிக்கை முதல் லாயம் வரை எழுதியிருப்பார்கள்.

கல்கட்டு:

தகரத்தை மாற்றுவதாக இருந்தால் மே மாதத்துக்குள் முடியுங்கள். மண் சாந்துச் சுவரின் தலை ஒரு மழைக்குத் திறந்து கிடந்தாலும் மேல் இரண்டு வரிசை கரைந்து இறங்கும். ஒரு நாளில் மூடக்கூடிய அளவு மட்டும் திறந்து, மாலையில் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள். தாங்குசுவர் வேலைக்கு மண் தோண்டும் இயந்திரம் கொண்டுவர மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆள் வைத்து வெட்டுவதே அந்தச் சுவருக்கும் நல்லது, அதிர்வு இருக்காது.